கடைசியில் ஓடும் பெயர்கள்

கோலாலம்பூரில் ஒரு குறும்படத் திரையிடல். கடைவீட்டின் இரண்டாவது மாடியில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். ஐந்து தமிழ்க் குறும்படங்கள். ஒவ்வொரு படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் விளக்கைப் போட்டுவிட்டார்கள். கைதட்டல் எழும். இயக்குநர் முன்னால் வந்து நிற்பார். அவருக்குப் பின்னால், வெளிச்சத்தில் வெளுத்துப்போன திரையில், பெயர்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

முடிந்ததும் கீழே மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தம்பி வந்து எதிரில் அமர்ந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். கைப்பேசிக் கடையில் வேலை.

"அண்ணே, நானும் டைரக்டர் ஆவணும். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?"

விமர்சனம் எழுதுகிறவனிடம் இதைக் கேட்டால் என்ன பதில் வரும்? "நிறைய படம் பாரு. நிறைய வாசி. முதல்ல ஒரு நல்ல கதைய எழுதிட்டு வா" என்றேன். தலையாட்டினான். தே தாரிக் வந்தது. பேச்சு வளர்ந்தபோதுதான் தெரிந்தது, அன்று காட்டிய ஐந்து படங்களில் ஒன்றில் அவனும் வேலை செய்திருக்கிறான்.

"என்ன வேலை?"

"சும்மா மைக் புடிச்சேன்ணே. அது ஒன்னும் இல்ல."

அந்த 'சும்மா'வைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவனுக்கு நான் சொன்ன பதில் தவறானது என்று இப்போது நினைக்கிறேன். ஏன் தவறு என்பதை என் விமர்சனங்களிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஒரே ஒரு பெயர்

சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015 டிசம்பரில் திரைக்கு வந்தபோது நானும் எல்லாரையும் போல உணர்ச்சிவசப்பட்டு எழுதினேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, புறம்போக்கு வீடுகளுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள். தொண்ணூறுகளின் தொடக்கம். கற்பனை அதிகமுள்ள, பள்ளிக்கும் அப்பாவுக்கும் அடங்காத அப்போய் என்கிற பையன். படிப்பு ஒன்றுதான் வழி என்று நம்பி அடிக்கிற அப்பா. குண்டர் கும்பலில் சித்தப்பா. 'ஜாஹாட்' என்ற மலாய்ச் சொல் நம் வாயில் புகுந்து 'ஜகாட்' ஆன மாதிரி, நம் வாழ்க்கையே இந்த மண்ணில் புகுந்து வேறொன்றாக ஆன கதை. இதையெல்லாம் எழுதினேன். இப்போது அந்தக் கட்டுரையை எடுத்துப் பார்த்தால் மூன்று பக்கத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. இயக்குநர் பெயர்.

ஆனால் அந்தப் படத்தில் என்னைப் பிடித்து இழுத்தவை எவை? அந்த வீட்டின் சுவர். அந்தக் காலத்துச் சட்டை. பேச்சு எந்த இடத்திலும் சென்னைக்குப் போய்விடாமல் நம் கம்பத்துப் பேச்சாகவே நின்றது. பின்னணி இசை தமிழ்ப்பட இசையைப் போல அழச் சொல்லி வற்புறுத்தாமல், கம்புஸ் வாத்தியத்தின் ஒலியோடு வேறு எங்கிருந்தோ வந்தது. அதைச் செய்தது ஸ்பேஸ் கம்புஸ் எக்ஸ்பெரிமென்ட் என்ற உள்நாட்டுக் குழு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆள் இருந்திருக்கிறார். பழைய சாமான்களைத் தேடி வீடுவீடாக அலைந்த ஒருவர், இந்தக் காட்சியில் பையன் எந்தச் சட்டை போட்டிருந்தான் என்று குறித்துவைத்த ஒருவர். நான் அவர்கள் செய்ததை எல்லாம் பாராட்டிவிட்டு, பாராட்டு முழுவதையும் ஒருவர் கணக்கில் எழுதிவிட்டேன்.

இது எனக்கு மட்டும் உள்ள பழக்கமில்லை. நம் இலக்கியச் சூழலிலிருந்து சினிமாவுக்குள் வருகிறவர்கள் படத்தை நாவலைப் போல வாசிக்கிறோம். நாவலுக்கு ஒரு ஆசிரியர், படத்துக்கு ஒரு இயக்குநர். எழுத்துக்கு இது பொருந்தும். சினிமாவில் இது பாதி உண்மை. மீதிப் பாதியை எழுதாமல் விட்டதன் விளைவுதான் அந்தத் தம்பியின் 'சும்மா'. எழுத்தில் பேர் வராத வேலை, வேலையே இல்லை என்று அவன் நினைப்பதில் என்ன ஆச்சரியம்? எல்லாரும் ஒரே கதவில் போய் முட்டுகிறார்கள். அந்தக் கதவைக் காட்டியவர்களில் நாங்களும் உண்டு.

ஏணி இருந்த காலம்

இந்த வட்டாரத்தில் சினிமாவுக்கு ஒரு காலத்தில் ஏணி இருந்தது. சிங்கப்பூர் பாலஸ்தியர் சாலைப் பக்கம் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ். அங்கே மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பலர் இந்தியர்கள்: பி. எஸ். ராஜ்ஹன்ஸ், பி. என். ராவ், பணி மஜும்தார், பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன். பி. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) எல். கிருஷ்ணன் இயக்கியதுதான். பி. ரம்லி 1948இல் பாடகராக உள்ளே வந்தார். சிறு வேடங்கள், பாட்டு, உதவியாளர் வேலைகள், கதாநாயகன் என்று ஒவ்வொரு படியாக ஏறி 1955இல்தான் 'பெனாரிக் பெச்சா'வை இயக்கினார். ஏழு வருடம். அந்த ஏழு வருடமும் அவருக்கு மாதச் சம்பளம் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஸ்டூடியோ முறையை நான் புனிதப்படுத்தவில்லை. சம்பளம் குறைவு, வேலைநிறுத்தங்கள் நடந்தன, முதலாளி சொன்னதுதான் சட்டம். ஆனால் ஒன்று இருந்தது. கேமரா உதவியாளன் ஒளிப்பதிவாளர் பக்கத்தில் நின்று வேலை கற்றான். தவறு செய்தால் மறுநாளும் வேலை இருந்தது. ஜாலான் அம்பாஸ் 1967இல் மூடப்பட்டது. உலு கிளாங்கில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவும் பிறகு ஓய்ந்தது. அந்த இடத்தில் இன்று ஃபினாஸ் அலுவலகம் இருக்கிறது. படம் எடுக்க உரிமம் தருகிற இடம். தொழில் கற்றுத் தந்த இடம் இல்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த ஏணி எப்போதுமே குறுகலானது. இப்போது அதுவும் இல்லை. அதனால்தான் "எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது" என்ற கேள்வி நம் பிள்ளைகளிடமிருந்து இவ்வளவு பதற்றமாக வருகிறது.

தனியாக எடுக்காத சுயாதீனப் படங்கள்

பிறகு டிஜிட்டல் கேமரா வந்தது. அமிர் முகமதுவின் 'லிப்ஸ் டு லிப்ஸ்' (2000) மலேசியாவின் முதல் டிஜிட்டல் முழுநீளப் படம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அடுத்த சில வருடங்களில் ஜேம்ஸ் லீ, ஹோ யூஹாங், டான் சுய் முய், லியூ செங் டாட் என்று ஒரு வரிசை. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எப்படிச் சொல்கிறோம்? "கேமரா மலிவானது, யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம் என்றானது, எடுத்தார்கள்." இது பாதிக் கதை.

மீதியைத் தெரிந்துகொள்ள அந்தப் படங்களின் கடைசியில் ஓடும் பெயர்களைப் படித்தால் போதும். டான் சுய் முய்யின் 'லவ் காங்கர்ஸ் ஆல்' (2006) புசானிலும் ரோட்டர்டாமிலும் விருது வாங்கியது. அதற்கு ஒளிப்பதிவு ஜேம்ஸ் லீ, அவரே ஒரு இயக்குநர். அடுத்த வருடம் லியூ செங் டாட்டின் 'ஃபிளவர் இன் த பாக்கெட்'டில் பேச்சு குறைந்த அந்த அப்பாவாக நடித்தவரும் அதே ஜேம்ஸ் லீதான். அமிர், ஜேம்ஸ், சுய் முய், செங் டாட் நால்வரும் சேர்ந்து நடத்தியது டா ஹுவாங் பிக்சர்ஸ். இன்று நான் உன் படத்துக்குக் கேமரா தூக்குகிறேன், நாளைக்கு நீ என் படத்துக்குக் கணக்குப் பார். கிராமத்தில் கதிர் அறுக்க ஒருவர் வயலுக்கு ஒருவர் போவதைப் போன்ற ஏற்பாடு. ஸ்டூடியோ இல்லாத இடத்தில் அவர்களே ஒருவருக்கொருவர் ஸ்டூடியோவாக இருந்தார்கள்.

நமக்கு நெருக்கமான உதாரணமும் இருக்கிறது. தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005). ரப்பர்த் தோட்டத்தில் படிக்க ஆசைப்படும் ஒரு பெண்ணின் கதை. வெளிநாட்டு விழாக்களுக்குப் போன மலேசியத் தமிழ்ப்படம். அதன் தயாரிப்பாளர் டான் சுய் முய். தமிழ் பேசாத ஒரு சீனப் பெண், தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்தின் கதை படமாவதற்கு உழைத்திருக்கிறார். இதை நம்மில் எத்தனை பேர் எழுதினோம்? 'செம்மண் சாலை'யை "நம் கதை, நம் படம்" என்று கொண்டாடினோம். நியாயம்தான். ஆனால் அது உருவான விதத்தில் ஒரு பாடம் இருந்தது. தமிழ்ப்படம் எடுக்கத் தமிழர்கள் மட்டும் கூட வேண்டியதில்லை. தொழில் தெரிந்தவர்கள் கூட வேண்டும். அந்தப் பாடத்தை நாம் படிக்கவில்லை.

தயாரிப்பாளர் என்றால் முதலாளியா?

நம்மிடையே தயாரிப்பாளர் என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான்: காசு போடுகிறவர். ஒரு டத்தோ, ஒரு தொழிலதிபர், உறவுக்கார மாமா. சுயாதீனப் படத்தில் தயாரிப்பாளர் என்பது கைத்தொழில். எந்த நிதிக்கு எப்போது விண்ணப்பிப்பது, எந்த விழாவின் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது, படப்பிடிப்பு நாள் ஒன்று தள்ளிப்போனால் எதைக் குறைப்பது என்று தெரிந்தவர்.

சிங்கப்பூரின் கே. ராஜகோபாலை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய குறும்படங்கள் 1995, 1996, 1997 என்று தொடர்ந்து மூன்று வருடம் சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவில் நடுவர் சிறப்புப் பரிசு வாங்கின. முதல் முழுநீளப் படம் 'எ யெல்லோ பேர்ட்' வந்தது 2016இல். கான் விழாவின் விமர்சகர் வாரத்துக்குப் போனது. சிறையிலிருந்து வெளிவந்து, பிரிந்த மனைவியையும் மகளையும் தேடி அலையும் ஒரு தமிழனை, சிங்கப்பூரின் பளபளப்பு படாத இடங்களில் வைத்துப் பார்த்த படம். மூன்று பரிசுக்கும் இந்தப் படத்துக்கும் இடையில் ஏறக்குறைய இருபது வருடம்.

அந்த இருபது வருடத்தை "கலைஞனின் பொறுமை" என்று எழுதினால் அழகாக இருக்கும். நான் அப்படி எழுத விரும்பவில்லை. திறமை 1995இலேயே நிரூபணமாகிவிட்டது. படம் நடந்தது, அகாங்கா ஃபிலிம் ஆசியாவின் ஃபிரான் போர்ஹா போன்ற ஒரு தயாரிப்பாளர் வந்து, பிரான்ஸோடு கூட்டுத் தயாரிப்பாக அதை நிறுத்தியபோது. அவர் ஸ்பெயினிலிருந்து வந்தவர். பிறகு அவர் தயாரித்த 'எ லேண்ட் இமாஜின்ட்' 2018இல் லொகார்னோவில் தங்கச் சிறுத்தை வாங்கியது. நம் சமூகத்தில் கணக்காய்வு படித்தவர்கள் இருக்கிறார்கள், சட்டம் படித்தவர்கள் இருக்கிறார்கள், திட்ட மேலாளர்கள் இருக்கிறார்கள். சினிமாப் பைத்தியமும் அவர்களிடம் இருக்கிறது. ஆனால் அவர்களும் என்னிடம் வந்து திரைக்கதையைத்தான் நீட்டுகிறார்கள். ஒருவர்கூட "யாருடைய படத்தையாவது நான் நடத்திக் கொடுக்கிறேன்" என்று சொன்னதில்லை. கெட்டிக்காரத் தயாரிப்பாளர் நாலு பேர் இருந்தால் நாலு இயக்குநர்களின் இருபது வருடம் மிச்சமாகும்.

காது

மைக்குக்கு வருகிறேன். அந்தத் தம்பியின் 'சும்மா' என்னை ஏன் உறுத்தியது என்றால், நானும் ஒருமுறை மைக் பிடித்தவன்.

பல வருடங்களுக்கு முன்பு, கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நண்பர்களின் குறும்படம். மூன்று நாள். ஆள் பற்றாக்குறை, "நீ சும்மாதானே நிக்கிற, இதப் புடி" என்று கம்பைக் கையில் கொடுத்துவிட்டார்கள். முதல் நாள் மாலைக்குள் தோள்பட்டை செத்துவிட்டது. ஆனால் காதில் ஹெட்ஃபோன் மாட்டிய பிறகுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. வீட்டுக்குள் எடுக்கிறோம், அமைதியாக இருக்கிறது என்று நான் நினைத்த இடத்தில் குளிர்சாதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. தூரத்தில் லாரி. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் விளம்பரம். ஒலிப்பதிவு செய்த அண்ணன் குளிர்சாதனப் பெட்டியை அணைத்துவிட்டுத் தன் காடிச் சாவியை உள்ளே வைத்தார். ஏன் என்று கேட்டேன். "சாவிய எடுக்காம வீட்டுக்குப் போக முடியாதுல்ல? எடுக்க வரும்போது திரும்பப் போட்டுடுவேன். இல்லன்னா அவங்க வீட்டு மீன் கெட்டுப்போவும்" என்றார். காட்சி முடிந்ததும் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, வெறும் அறையின் சத்தத்தை ஒரு நிமிடம் பதிந்துகொண்டார். பிறகு வெட்டி ஒட்டும்போது வசனங்களுக்கு நடுவே பள்ளம் விழாமல் இருக்க அந்த ஒரு நிமிடம்தான் உதவும்.

படம் வந்தபோது கடைசியில் என் பெயர் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. அந்த அண்ணன் பெயரும் தப்பாக இருந்தது. சம்பளம் என்ற பேச்சே எழவில்லை.

நம் ஊர்த் தமிழ்க் குறும்படங்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். படம் பளிச்சென்று இருக்கும். டிரோன் காட்சி இருக்கும். ஆனால் பேசுகிறவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவார், அல்லது அறைக்குள் நின்று பேசும் குரல் ஒலிப்பதிவுக் கூடத்தின் சுத்தத்தோடு தனியாக மிதக்கும். தமிழ் சினிமா நீண்ட காலம் பின்குரல் பதிவிலேயே வளர்ந்தது. 'விருமாண்டி' (2004) படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலி பதிந்ததை அப்போது ஒரு புதுமையாகப் பேசினார்கள். அந்தப் பழக்கம் நம் காதுக்கும் ஏறிவிட்டது. ஆனால் நம் படங்களின் உயிரே பேச்சில்தான் இருக்கிறது. 'லா' எந்த இடத்தில் விழுகிறது, மலாய்ச் சொல் எந்த வேகத்தில் தமிழுக்குள் நுழைந்து வெளியேறுகிறது என்பதை இரண்டு மாதம் கழித்துக் கண்ணாடி அறையில் நின்று திரும்பச் சொல்ல முடியாது. மலேசியத் தமிழ்ப் பேச்சைத் திரையில் காப்பாற்ற நினைக்கிறவன் முதலில் தேட வேண்டியது நல்ல வசனகர்த்தாவை மட்டுமல்ல, நல்ல ஒலிப்பதிவாளரையும்தான்.

தைவானில் இப்படி ஒன்று நடந்தது. அங்கேயும் பின்குரல் பழக்கம்தான். ஹௌ சியாவ்-சியென், எட்வர்ட் யாங் ஆகியோரின் படங்களை நாம் இயக்குநர் பெயரோடு படிக்கிறோம். இருவருக்கும் ஒலி செய்தவர் டு டூ-சி. ஸ்டூடியோவில் உதவியாளராகச் சேர்ந்து வேலை கற்றவர். 'எ சிட்டி ஆஃப் சேட்னஸ்' (1989) பல மொழிகள் கலந்து பேசும் படம். அந்தப் பேச்சுகள் நடந்த இடத்திலேயே பதிவாகின. 2001இல் கான் விழாவில் தொழில்நுட்பத்துக்கான பரிசு அவருக்குக் கிடைத்தது. தைவானின் புதிய சினிமா என்று நாம் மேற்கோள் காட்டுவதில் பாதி, ஒரு மனிதரின் காது.

பக்கத்தில் போய் நிற்பது

"இதெல்லாம் எதுக்குண்ணே? ரோட்ரிகஸ் ஏழாயிரம் டாலர்ல தனியா எடுத்தாரே?" என்று ஒருவர் கேட்கக்கூடும். ராபர்ட் ரோட்ரிகஸின் 'எல் மரியாச்சி' (1992) எல்லாப் பயிற்சிப் பட்டறைகளிலும் வரும் கதை. மருத்துவச் சோதனைக்கு உடம்பைக் கொடுத்துக் காசு சேர்த்தார், தானே கேமரா பிடித்தார், தானே வெட்டினார். எல்லாம் உண்மை. படத்தைக் கொலம்பியா நிறுவனம் வாங்கிய பிறகு ஒலியைச் சரிசெய்யவும் திரையரங்குக்குத் தயாராக்கவும் அந்த ஏழாயிரத்தைப் போலப் பல மடங்கு செலவானது. அதுவும் உண்மை. அதைவிட முக்கியம், அவர் தனியாகச் செய்தார் என்பதன் பொருள், எல்லா வேலையையும் அவர் ஏற்கெனவே கற்றிருந்தார் என்பது. சிறுவயதிலிருந்தே வீடியோவில் படம் எடுத்துப் பழகியவர். அந்தக் கதையிலிருந்து நாம் தனிமையை எடுத்துக்கொண்டு பழக்கத்தை விட்டுவிட்டோம்.

எனக்குப் பிடித்த நுழைவுக்கதை வேறு. 1949, 50 வாக்கில் ழான் ரெனுவார் 'தி ரிவர்' எடுக்கக் கல்கத்தாவுக்கு வந்தார். சுப்ரதா மித்ரா என்ற இளைஞனுக்கு அந்தப் படத்தில் வேலை கிடைக்கவில்லை. ஆனாலும் படப்பிடிப்பைப் பார்க்கப் போய்க்கொண்டே இருந்தான். புகைப்படம் எடுத்தான். எந்த விளக்கு எங்கே நின்றது, வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்தது என்று படம் வரைந்து குறித்துவைத்தான். சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'க்கு அவனை ஒளிப்பதிவாளராக வைத்துக்கொண்டபோது அவன் சினிமாக் கேமராவை இயக்கியதே இல்லை. வயது இருபத்தொன்று. 'அபராஜிதோ'வில் (1956) ஸ்டூடியோவில் போட்ட காசி வீட்டின் முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, அதில் விளக்கைப் பட்டுத் தெறிக்க வைத்து, நிழல் விழாத பகல் வெளிச்சத்தைக் கொண்டுவந்தான். கலை இயக்குநர் பன்ஷி சந்திரகுப்தாவும் 'தி ரிவர்' படத்தில் வேலை பார்த்தவர்தான். ராயின் முதல் படத்துக்குப் பின்னால் இன்னொருவரின் படப்பிடிப்பில் தொழில் பார்த்த இரண்டு பேர் இருந்தார்கள்.

யாரால் சும்மா வேலை செய்ய முடியும்?

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் "போய் மைக் பிடி, கற்றுக்கொள்" என்று உபதேசித்தால் அது பொய்யாகிவிடும். நம் சுயாதீனச் சூழலில் உதவியாளர் வேலைக்குப் பெரும்பாலும் சம்பளம் இல்லை. "அனுபவம் கிடைக்கும்", "பேர் வரும்", "அடுத்த படத்துல பாத்துக்கலாம்." அப்பா அம்மா வீட்டில் சோறு இருக்கிற பிள்ளையால் ஒரு மாதம் இப்படிச் சுற்ற முடியும். கைப்பேசிக் கடையில் நாள் சம்பளத்துக்கு நிற்கிறவனால் மூன்று நாள்தான் முடியும். அப்படியானால் யார் தொழில் கற்பார்கள், யார் கதை திரைக்கு வரும்? தோட்டத்தையும் புறம்போக்கையும் பற்றிய படங்களை அங்கிருந்து வந்த பிள்ளைகள் எடுக்க முடியாமல் போவது திறமைக் குறைவால் அல்ல. நுழைவுக் கட்டணம் அதிகம் என்பதால்.

நல்ல கைகள் கல்யாண வீடியோவுக்கும் தொலைக்காட்சி நாடகத்துக்கும் போய்விடுகின்றன என்று இயக்குநர்கள் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். போகத்தான் செய்வார்கள். அங்கே மாதக் கடைசியில் வெள்ளி வருகிறது. உண்மையில் இன்று நமக்கு இருக்கும் ஏணி அதுதான். நாற்பது கல்யாணம் எடுத்தவனுக்கு இருட்டு மண்டபத்தில் ஃபோகஸ் தப்பாது. அவனைக் கேலி பேசுவதை நிறுத்திவிட்டு, அவனுக்கு உரிய கூலியைச் சிறிய அளவிலாவது பட்ஜெட்டில் எழுத வேண்டும். டிரோனுக்கு வாடகை கொடுக்க முடிகிறவர்களால் மைக் பிடிக்கிறவனுக்கு நாள் கூலி கொடுக்க முடியும்.

2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் 'ஜகாட்', 'ஓலா போலா' இரண்டையும் மலாய்மொழி அல்லாத படங்கள் என்று தனிப் பிரிவில் தள்ளியபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. அப்போது தான் வாங்கிய விருதுகளைத் திருப்பிக் கொடுத்து எதிர்த்தவர் முகமது நூர் காசிம். ஒளிப்பதிவாளர். கடைசியில் பிரிவுகளை மாற்றினார்கள், 'ஜகாட்' சிறந்த மலேசியப் படமானது. அந்த வெற்றியைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதினோம். அதற்காகக் கையிலிருந்ததை விட்டுக்கொடுத்த கேமராக்காரரை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறோம்?

விமர்சகனாக என்னால் சம்பளம் கொடுக்க முடியாது. பெயரைக் கொடுக்க முடியும். இனி ஒரு படத்தைப் பற்றி எழுதினால் அதன் ஒலியை, வெட்டை, ஒளியை யார் செய்தார் என்று தெரிந்துகொண்டு, அவர் செய்ததில் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்றும் எழுத வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். திட்டினாலும் பெயர் சொல்லித் திட்ட வேண்டும். அதுவும் ஒரு மரியாதைதான். திரையிடல் நடத்துகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: பெயர்கள் ஓடி முடிகிறவரை விளக்கைப் போடாதீர்கள்.

அந்தத் தம்பியை ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டேன். அன்று சொன்னதை மாற்றிச் சொன்னேன். கதை எழுதுவதை நிறுத்தாதே, ஆனால் மைக்கையும் விடாதே. நீ வேலை செய்த படத்தை ஹெட்ஃபோன் மாட்டி மறுபடி கேள், எங்கே தப்பு என்று எழுதிவை. உன்னைவிட நன்றாகச் செய்கிற ஒருவரைக் கண்டுபிடித்து அவர் பக்கத்தில் போய் நில்.

போன மாதம் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தான். ஈப்போவில் ஒரு படம், ஐந்து நாள், ஒலிப்பதிவு உதவியாளர். "சம்பளம் கேக்கலாமாண்ணே? கேட்டா அடுத்த தடவ கூப்பிட மாட்டாங்களோ?"

"மொத நாளே கேளு" என்று பதில் போட்டேன். "பேரு எப்படி எழுதணும்னும் எழுதிக் குடுத்துட்டு வா."